க்ஷயரோகிகளின் ஆரம்பகால மரணமும் கிராமச் சுகாதாரச் சிப்பந்திகளின் பயிற்சியும்

க்ஷயரோகம் அல்லது காசநோய்க்குச் சிகிச்சை பெறத் தொடங்கிய பின்னர் இறந்துபோகிறவர்களிற் பெரும்பகுதியினர் முதல் இரண்டு மாதங்களுக்குள்ளாகவே இறக்கின்றனர். நோய் இன்னதென்று கண்டாகிவிட்டது. மாத்திரையும் கைக்கு வந்துவிட்டது. அப்படியிருந்தும் உயிர் நிற்பதில்லை. இத்தகைய சாவு நேரிட்ட கிராமத்தில் ஜனங்கள் இரண்டிலொன்றைச் சொல்லுவர். மருந்தின் உஷ்ணம் தாங்காமல் இறந்தார் என்பர். அல்லது, விதி முடிந்தது என்பர். முதற் கூற்றினால் விளையும் தீங்கு பெரிது. அதைக் கேட்ட பின்னர், அடுத்த வீட்டில் இருமிக்கொண்டிருப்பவர் பரீக்ஷைக்குப் போகவே அஞ்சுவார். இறந்தவரோ பெரும்பாலும் மருந்தினால் இறக்கவில்லை. மருந்து தொடங்கிய தினத்திலேயே அவருடைய தேகம் மிக நலிந்து, வீட்டில் வைத்துப் பார்க்கத் தகாத நிலைமையை அடைந்திருந்தது. அந்நிலைமையை அன்றே கண்டுகொள்வார் இல்லாமற் போயினர்.

அதனைக் கண்டுகொள்வதற்குப் பெரிய டாக்டர் ஒருவர் வேண்டுவதில்லை. எடையை நிறுக்கவும், உயரத்தை அளக்கவும், மூச்சை எண்ணவும், காலில் வீக்கம் உண்டாவென்று அமுக்கிப் பார்க்கவும் தெரிந்த ஒரு சுகாதாரச் சிப்பந்தி போதும். 2022ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் காசநோய்ச் சிப்பந்திகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் நர்ஸுகளுக்கும் இந்தப் பயிற்சி அளிக்கப்பட்டு வருகிறது. அப்பயிற்சியில் கற்பிக்கப்படுவது இன்னதென்று கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களும் அறிந்திருத்தல் நன்று. தம் வீட்டு நோயாளியை ஒருவரும் நிறுத்துப் பார்க்கவில்லையென்றால், ஏன் பார்க்கவில்லை என்று கேட்பதற்கு அவர்களுக்கு அப்பொழுதுதான் வாய் வரும்.

பஞ்சுத் தூசியும் இருமலும்

குண்டடம், கோயமுத்தூரினின்று பல்லடம் வழியாகத் தாராபுரம் செல்லும் ரஸ்தாவில் உள்ள ஊர். முதலிற் கோயமுத்தூர் ஜில்லாவிலும், பின்னர் ஈரோடு ஜில்லாவிலும் இருந்து, 2009ஆம் ஆண்டில் திருப்பூர் ஜில்லா ஏற்பட்டபொழுது அதனுடன் சேர்க்கப்பட்டது. சுற்றிலும் உள்ளது பெரும்பாலும் மானாவாரிப் பூமி. மழை பொய்த்தால் வெள்ளாமை இல்லை. ஆடு மாடுகளும் பாலுமே குடும்பத்தைத் தாங்கும். ஆகையால் இப்பக்கத்து இளைஞரும் பெண்களும் விடியுமுன் கம்பெனி வண்டியேறித் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும், நூல் மில்களுக்கும் வேலைக்குப் போய், இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர்.

இத்தகைய பிரதேசத்தில் ஒருவர் இருமினால் அதற்குக் காரணம் தயாராக இருக்கின்றது. "பஞ்சு உள்ளே போயிருக்கும்" என்று சொல்லிவிடுவர். பஞ்சுத் தூசியினால் நுரையீரல் கெடுவது மெய்யே. அவ்வியாதியில் விடுமுறை கழிந்து வேலைக்குப் போகும் முதல் தினத்தில் மார்பு இறுக்கமும் மூச்சுமுட்டலும் அதிகமாயிருந்து, பின் தினங்களிற் குறைவது வழக்கம். நெடுங்காலம் தூசியில் இருந்தவர்களுக்கு எல்லாத் தினங்களிலும் அத்தொந்தரவு நீடிக்கும். க்ஷயரோகத்தின் குறிகள் வேறு. இரண்டு வாரங்களுக்கு மேற்பட்ட இருமல், மாலை வேளையிற் காய்ச்சல், இராக்காலத்தில் வியர்வை, பசியின்மை, எடை குறைதல், சிலருக்குச் சளியில் இரத்தம் ஆகியவை அவை. ஆயினும் இவ்விரண்டையும் வாசலில் நின்று ஊகித்துப் பிரித்துவிடலாம் என்று நினைப்பது தவறு. பஞ்சில் வேலை செய்பவருக்கும் க்ஷயரோகம் வரும். இருமல் இரண்டு வாரத்தைக் கடந்தால், காரணம் எதுவென்று தோன்றினும், சளியைப் பரீக்ஷைக்குக் கொடுத்துவிடுவதே முறை.

இந்நோய் பரம்பரையில் வருவதன்று. ஒரு கிருமியினால் உண்டாவது. அக்கிருமியை 1882ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்திய பண்டிதரான ராபர்ட் காக் கண்டறிந்து வெளியிட்டார். நுரையீரலில் நோயுள்ளவர் இருமும்பொழுது நுண்ணிய துளிகளாகக் காற்றிற் கலந்து, அதே அறையில் நெடுநேரம் இருப்பவர்களின் சுவாசத்தில் ஏறும். தட்டு, தம்ளர், துணி, படுக்கை ஆகியவற்றால் இது பரவுவதில்லையாதலின், நோயாளிக்குத் தனித்தட்டு வைத்துத் திண்ணையில் உட்காரவைப்பது வீண் கொடுமை. வேண்டுவன திறந்த ஜன்னலும், இருமும்பொழுது வாயை மூடும் துணியும், காலந்தவறாத மாத்திரையுமே.

முதலில் யாரிடம் போகிறார்?

க்ஷயரோகியைப் பற்றிப் பேசுவோர், "கிராமத்தார் அறியாமையினால் வைத்தியத்துக்கு வருவதில்லை" என்று எளிதாகக் கூறிவிடுகின்றனர். இக்கூற்றைப் பரீக்ஷித்துப் பார்த்தவர்களும் உண்டு. 1959ஆம் ஆண்டில் பெங்களூரில் தேசீய க்ஷயரோக ஸ்தாபனம் ஏற்படுத்தப்பட்டது. அதனைச் சேர்ந்த பானர்ஜி, ஆண்டர்ஸன் என்னும் இருவர் தும்கூர் ஜில்லாவின் கிராமங்களில் விசாரணை நடத்தி, 1963ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். நோய்க்குறி உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் யாரும் அழையாமலே வைத்திய உதவியைத் தேடிச் சென்றிருந்தனர் என்றும், சென்ற இடத்தில் இருமல் மருந்துப் புட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டனர் என்றும் அவர்கள் கண்டனர். ஆகவே, குறை முழுவதும் நோயாளியிடத்தில் இல்லை. அவர் வந்தார், வந்தவரை அறிந்துகொள்ளும் பயிற்சி எதிரில் இருந்தவருக்கு இல்லை.

இன்றும் இது பெரும்பாலும் உண்மையே. இருமுகிறவர் முதலிற் போவது மருந்துக் கடைக்கு. அடுத்தபடி, ஊசி போட்டு உடனே வேலைக்கு அனுப்புகிற யாரேனும் ஒருவரிடத்துக்கு. அங்கே கொடுக்கப்படும் மருந்துகளில் இரண்டு வகை விசேஷ ஜாக்கிரதைக்கு உரியவை. ஒன்று, ஸ்டீராய்டு. இது காய்ச்சலையும் களைப்பையும் சில தினங்களுக்கு மறைத்து, பசியையும் உண்டாக்கிக் குணமானதுபோற் காட்டும். உள்ளே கிருமி தடையின்றிப் பெருகும். மற்றொன்று, க்வினோலோன் என்னும் வகையைச் சேர்ந்த கிருமிநாசினிகள். இவை க்ஷயரோகக் கிருமியை அரைகுறையாக அடக்கிச் சளிப் பரீக்ஷையின் முடிவையே குழப்பக்கூடும். பின்னர் அதே வகை மருந்து மெய்யாகவே தேவைப்படுங்காலத்தில் அது பயன்படாமலும் போகக்கூடும். இவ்விதமாக ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழியும். அந்த மாதங்களிலேதான் தேகம் உருகிப்போகிறது.

க்ஷயரோக மருந்துகளை விற்கும் கடைக்காரர் அவ்விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுதவேண்டுமென்று 2014ஆம் ஆண்டு முதல் விதி உண்டு. தனியார் டாக்டர்களும் தாம் காணும் ஒவ்வொரு க்ஷயரோகியையும் சர்க்காருக்குத் தெரிவிக்கவேண்டுமென 2012ஆம் ஆண்டில் உத்தரவாயிற்று. 2018ஆம் ஆண்டில் மருந்துக் கடைகளும் அவ்வுத்தரவுக்கு உட்படுத்தப்பட்டன. விதி நன்றேயாயினும், இருமல் மருந்து வாங்க மூன்றாம் முறை வருகிற வாடிக்கைக்காரரைப் பார்த்து, "சளியைச் சோதித்தீர்களா?" என்று கேட்கிற கடைக்காரர் ஒருவர் செய்யக்கூடிய உபகாரம் விதியினும் பெரிது.

கிராமத்துக்கு வைத்தியம் வந்த விதம்

டாக்டர்கள் பட்டணத்தை விட்டுக் கிராமத்துக்கு வரமாட்டார்கள் என்னும் குறை புதிதன்று. 1920களிலேயே சென்னை மாகாண சர்க்கார், கிராமத்திற் குடியேறி வைத்தியம் செய்ய இசைந்த டாக்டர்களுக்கு உதவித் தொகை அளிக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. 1939ஆம் ஆண்டில் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. 1946ஆம் ஆண்டில் போர் கமிட்டியின் அறிக்கை ஆரம்ப சுகாதார நிலையங்களை வகுத்துக் கூறியது. 1952 முதல் அவை நிறுவப்பட்டு வந்தன. பின்னர்க் கிராம சுகாதார நர்ஸ் வந்தார். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபொழுது, சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மருந்து கொடுக்க வீடு வீடாகச் செல்லலாயினர்.

க்ஷயரோகத்தின் வரலாறு இதனின்று சற்று விலகியது. மருந்து இல்லாத காலத்தில் ஓய்வும் ஆகாரமும் நல்ல காற்றுமே சிகிச்சையாக இருந்தன. வசதியுள்ளவர்கள் மதனப்பள்ளிக்கும் தாம்பரத்துக்கும் போயினர். கொங்கு நாட்டினர் பெருந்துறை சானடோரியத்துக்குப் போயினர். படுக்கைகள் சில, நோயாளிகளோ கணக்கற்றவர். 1944ஆம் ஆண்டில் ஸ்ட்ரெப்டோமைஸினும், 1952ஆம் ஆண்டில் ஐஸோநியாஸிட்டும் உபயோகத்துக்கு வந்தபின், படுக்கை இன்றியமையாததா என்னும் கேள்வி எழுந்தது. அதற்கு விடை கண்டது சென்னை நகரமே. 1956ஆம் ஆண்டில் சென்னையில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அங்கே 193 ஏழை நோயாளிகளைச் சீட்டுப்போட்டாற்போல் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றப் பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஓராண்டுக்காலம் ஒரே மருந்துகளைக் கொடுத்தனர். 1959ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, சானடோரியத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேரும் நோய் அடங்கப்பெற்றனர். வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்கும் அதனால் அதிகமாக நோய் தொற்றவில்லை. உலகெங்கும் வீட்டுச் சிகிச்சை முறை பரவுவதற்கு இவ்வாராய்ச்சி வழிகாட்டியாயிற்று.

இது பெருமைக்குரிய காரியமே. ஆனால் பின்வந்தவர்கள் இதனின்று கொள்ளத் தகாத பாடம் ஒன்றையும் கொண்டனர். மருந்து தன் வேலையைச் செய்வதற்குப் படுக்கை வேண்டுவதில்லை என்பதே அவ்வாராய்ச்சி காட்டியது. எலும்பும் தோலுமாகி, எழுந்து நிற்கமாட்டாமல் வருகிற ஒருவருக்கும் படுக்கையும் போஷணையும் வேண்டுவதில்லை என்று அது சொல்லவில்லை. எல்லா நோயாளிகளுக்கும் ஒரே மாத்திரை அட்டையைக் கொடுத்து ஒரேவிதமாக வீட்டுக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டபடியால், அனுப்பத் தகாதவர்களும் அவர்களுடன் சேர்ந்து அனுப்பப்பட்டனர்.

முதல் நாளிற் செய்யும் சோதனைகள்

இக்குறையை நிவர்த்திக்க ஏற்பட்டதே 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்'. தமிழ்நாட்டு சர்க்காரின் காசநோய் இலாகாவும், சென்னையிலுள்ள தேசீயத் தொற்றுநோயியல் ஸ்தாபனமும் சேர்ந்து 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இதனைத் தொடங்கின. நோய் இன்னதென்று தெரிந்த உடனே, வயதுவந்த ஒவ்வொரு நோயாளியையும் ஒருசில எளிய சோதனைகளுக்கு உட்படுத்தி, அபாய நிலைமையில் உள்ளவர்களைப் பிரித்தெடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதே இதன் சாரம். சோதனைகள் எளியவையாயினும் அவற்றைச் சரிவரச் செய்வதற்குப் பயிற்சி வேண்டும்.

முதலாவது, எடையும் உயரமும். தராசு சமதரையில் இருத்தல் வேண்டும். ஏறுமுன் முள் பூஜ்யத்தில் நிற்கிறதாவென்று பார்த்தல் வேண்டும். நோயாளி செருப்பையும் தோளிலுள்ள கனத்த துண்டையும் கழற்றிவிடவேண்டும். உயரம் அளக்கும்பொழுது குதிகால் சுவரை ஒட்டியிருக்கவேண்டும். பிறகு, எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, உயரத்தை உயரத்தாற் பெருக்கிவந்த தொகையால் எடையை வகுக்கவேண்டும். வருகிற எண் 14 அல்லது அதற்குக் குறைந்ததாயின் அபாயம். 16 அல்லது அதற்குக் குறைந்து, இரண்டு காலிலும் வீக்கம் இருப்பினும் அபாயமே. உதாரணமாக, 150 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணின் எடை 31½ கிலோவுக்கு மேற்படாவிட்டால் அவர் முதல் வகையைச் சேர்ந்தவர். 36 கிலோவும் அதற்குட்பட்ட எடையும் உள்ளவராயிருந்து காலும் வீங்கியிருந்தால் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்கு இவ்வெல்லைகள் ஏறக்குறைய 36 கிலோவும் 41 கிலோவும் ஆகும்.

வீக்கத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டைவிரலைச் சில விநாடிகள் அழுத்தி எடுத்தால் குழி நிற்கும். இரு கால்களிலும் அவ்வாறு பார்க்கவேண்டும். காலில் நீர் கோத்திருப்பது தராசிலும் ஏறுமாதலால், வீங்கிய காலுடையவரின் எடை உண்மையைக் காட்டிலும் அதிகமாகவே காட்டும். இரண்டாம் வகைக்கு எல்லை 16 வரையில் உயர்ந்ததன் நியாயம் இதனால் விளங்கும்.

இரண்டாவது, மூச்சு. நோயாளியைச் சற்று இளைப்பாற உட்காரவைத்து, மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணவேண்டும். எண்ணப்போவதாக அவரிடம் சொல்லலாகாது; சொன்னால் மூச்சுவிடும் விதம் மாறிவிடும். கையைப் பிடித்து நாடி பார்ப்பதுபோலப் பாவித்துக்கொண்டு மார்பைக் கவனிப்பது பழைய நர்ஸுகளின் உபாயம். கால் நிமிஷம் எண்ணி நான்காற் பெருக்குவது பிழைக்கு இடம். ஒரு மூச்சுத் தவறினால் நான்காகிவிடும். நிமிஷத்துக்கு 24க்கு மேற்பட்டால் அபாயம்.

மூன்றாவது, இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவு. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா பரவியபொழுது விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் என்னும் சிறு கருவியைக் காணாத கிராமம் இல்லை. அதே கருவிதான் இங்கும் உபயோகமாகிறது. 94க்குக் குறைந்தால் அபாயம். நகத்திற் சாயப்பூச்சு இருந்தாலும், விரல் குளிர்ந்திருந்தாலும் எண் தவறும். மாட்டியவுடன் தோன்றும் எண்ணை எழுதாமல், அது நிலைக்கும்வரை காத்திருத்தல் வேண்டும்.

நான்காவது, ஒருவர் பிடிக்காமலும், சுவரையோ கட்டிலையோ பற்றாமலும் நோயாளி எழுந்து நிற்கிறாரா என்பது. இதற்குக் கருவியே வேண்டுவதில்லை. ஆயினும் பெரிதும் தவறவிடப்படுவது இதுவே. ஏனெனில், நோயாளி நிலையத்துக்கு வராமல் அவருடைய மகனோ மருமகளோ மாத்திரை வாங்க வருவதுண்டு. வராதவரை நிற்கச் சொல்லுவது எப்படி? நடந்து வரமுடியாததே ஓர் அபாயக் குறி என்றும், அப்பேர்ப்பட்டவரை வீட்டிற் போய்ப் பார்க்கவேண்டுமென்றும் சிப்பந்தி உணர்ந்திருத்தல் வேண்டும்.

இவற்றுள் ஏதேனும் ஒன்று அபாயத்தைக் காட்டினாலும், அந்நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி டாக்டர் விரிவாகப் பரிசோதிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. நான்கும் நன்றாயிருந்தால், வழக்கம்போல வீட்டிலிருந்தே மாத்திரை உட்கொள்ளலாம். தொடங்கிய சிறிது காலத்துக்குள்ளாகவே பல ஜில்லாக்களில் ஆரம்பகால மரணம் குறைந்துவந்ததாக இத்திட்டத்தைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் கூறின.

பயிற்சியில் அழுத்திச் சொல்லவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. பாரம் நிரப்புவது வேறு. நோயாளியைப் பார்ப்பது வேறு. "ஆளைப் பார்த்தால் நாற்பது கிலோ இருக்கும்" என்று எழுதிவிடுகிற எழுத்து ஓர் உயிரைப் போக்கக்கூடும். அன்றியும், மாத்திரையின் அளவே எடையைப் பொறுத்தது. நான்கு மருந்துகள் கலந்த மாத்திரை, 25 முதல் 34 கிலோ வரையில் தினம் இரண்டு; 35 முதல் 49 வரையில் மூன்று; 50 முதல் 64 வரையில் நான்கு. ஊகித்து எழுதிய எடையினால் மாத்திரை கூடினால் ஈரலுக்குக் கெடுதி. குறைந்தால் கிருமிக்கு அனுகூலம்.

ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவேண்டும்?

மாத்திரை எங்கும் ஒன்றேயாயின், ஆஸ்பத்திரியில் அதிகமாக என்ன செய்வார்கள் என்று வீட்டார் கேட்பது இயல்பு. மூச்சுத் திணறுபவருக்குப் பிராணவாயு கொடுப்பார்கள். சர்க்கரை வியாதி, இரத்தசோகை, வேறு கிருமித் தொற்று ஆகியவை கூட இருக்கின்றனவாவென்று பார்ப்பார்கள். க்ஷயரோகியின் சர்க்கரை கட்டுக்கடங்காமலிருந்தால் அதற்கும் சேர்த்துச் சிகிச்சை செய்யவேண்டும். மாத்திரையினால் மஞ்சட்காமாலை தோன்றினால் உடனே கண்டு மாற்றுவார்கள். சிறுநீர் செம்மஞ்சள் நிறமாவதற்கு மட்டும் அஞ்சவேண்டியதில்லை. அது ரிபாம்பிஸின் என்னும் மருந்தின் நிறமே.

எல்லாவற்றினும் நுட்பமானது ஆகாரம். பல வாரங்கள் பட்டினியாற் சுருங்கிய தேகத்துக்கு ஒரேயடியாக மிகுதியாகச் சோறும் இனிப்பும் கொடுத்தால், இரத்தத்திலுள்ள உப்புக்கள் திடீரென நிலைமாறி இருதயமே நின்றுவிடுதலும் உண்டு. அன்பின் மிகுதியால் பாயசமும் கறியும் ஊட்டுகிற வீட்டார் இதனை அறியார். கொஞ்சங்கொஞ்சமாக, அளந்து, நாளுக்கு நாள் கூட்டிக் கொடுக்கவேண்டும். அதைப் பார்த்துச் செய்யத்தான் படுக்கை.

குண்டடம் பகுதியாருக்குத் தாராபுரம் சர்க்கார் ஆஸ்பத்திரி சமீபம். அதற்கு மேல் வேண்டுமாயின், 2022ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மருத்துவக் கல்லூரியுடன் கூடிய திருப்பூர் ஆஸ்பத்திரி உண்டு. தூரம் தடையன்று. தடை வேறு. கறவை மாட்டைப் பார்ப்பவர் யார்? ஆட்டுப் பட்டியை விட்டுவிட்டு உடனிருக்க வருபவர் யார்? பனியன் கம்பெனியில் வாரக் கூலி வாங்கும் மகள் ஒரு வாரம் வேலைக்குப் போகாவிட்டால் அவ்வாரச் செலவுக்கு என்ன செய்வது? "நோன்பு கழியட்டும், போகலாம்" என்று தள்ளிப்போடுவதன் உள்ளே இந்தக் கணக்குகளே மறைந்திருக்கின்றன. இவற்றுக்கு விடை சுகாதாரச் சிப்பந்தியிடம் இல்லை.

சங்கங்கள் செய்யக்கூடியவை

இங்கேதான் கூட்டுறவுச் சங்கத்தின் உதவி வேண்டப்படுகிறது. பால் உற்பத்தியாளர் சங்கத்தில் ஓர் அங்கத்தினர் சில தினங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டியதாயின், அண்டை வீட்டார் ஒருவர் அவருடைய மாட்டைக் கறந்து, அவருடைய கணக்கிலேயே பாலை ஊற்றுவதற்குச் சங்கத்தில் ஏற்பாடு செய்துவிடலாம். நோயாளியின் பெயரை அதற்காகப் பலகையில் எழுதவேண்டுவதில்லை. "அவர் ஊரில் இல்லை" என்றால் போதும். வியாதியின் பெயர் வெளிப்பட்டால் மகளின் கலியாணம் தடைப்படும் என்று அஞ்சி மாத்திரையை ஒளித்துவைத்து உட்கொள்பவர்கள் உண்டு. அந்த அச்சத்தை மதித்து நடப்பதும் உதவியே.

நியாயவிலைக் கடைகளிற் பெரும்பாலானவற்றை நடத்துவது கூட்டுறவுச் சங்கங்களே. ஆகாரத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை ஜார்கண்டு மாநிலத்தில் 2019 முதல் 2022 வரையில் நடந்த பெரிய ஆராய்ச்சி ஒன்று எண்ணளவிற் காட்டியது. 2,800 நோயாளிகளின் குடும்பங்களில் 10,345 பேர் அதிற் சேர்க்கப்பட்டிருந்தனர். நோயாளிகள் எல்லாருக்கும் ஆகாரப் பொருள்கள் கொடுக்கப்பட்டன. ஒரு பிரிவில் மட்டும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் 5 கிலோ அரிசியும் 1½ கிலோ துவரம்பருப்பும் சத்து மாத்திரைகளும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. அப்பிரிவில் நுரையீரல் க்ஷயரோகம் புதிதாக உண்டாவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நோயாளிகளுள், முதல் இரண்டு மாதங்களில் எடை நூற்றுக்கு 5 பங்கு கூடியவர்களுக்கு மரண அபாயம் பெரிதும் குறைந்திருந்தது. 2023ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவுகள், அரிசியும் பருப்பும் மருந்துக்கு அடுத்தபடி நிற்கத் தக்கவை என்பதைக் காட்டின. தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடையில் அரிசி 2011 முதல் விலையின்றிக் கிடைத்து வந்திருக்கிறது. குறைவது பருப்பும், முட்டையும், நிலக்கடலையுமே. நோயாளியின் வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு இவற்றை ஏற்பாடு செய்வது ஒரு சங்கத்தின் சக்திக்கு மேற்பட்ட செலவன்று.

நோயாளியின் ஆகாரச் செலவுக்கென 2018ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் மத்திய சர்க்கார் மாதம் 500 ரூபாய் அளித்துவந்தது. 2024ஆம் ஆண்டு நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 'நிக்ஷய் போஷண் யோஜனா' என்பது இதன் பெயர். தொகை நோயாளியின் பாங்கிக் கணக்குக்கு நேரே வருவதாகையால், கணக்கு முடங்கிக் கிடப்பவருக்கும், பெயர் எழுத்து வேறுபடுபவருக்கும் வந்து சேராமல் நின்றுவிடுகிறது. கூட்டுறவு பாங்கியின் காரியதரிசி அரைமணி நேரம் செலவிட்டால் இத்தடையைப் பெரும்பாலும் நீக்கிவிடலாம்.

சிகிச்சை சாதாரணமாக ஆறு மாதம். முதல் இரண்டு மாதங்கள் நான்கு மருந்துகள். பிந்திய நான்கு மாதங்கள் மூன்று மருந்துகள். இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று, உடம்பு தேறி, வேலைக்குப் போகிறவர்களே மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள். நிறுத்தினால் நோய் மீண்டு வருவதுமன்றி, மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறலாம். மில் வேலைக்காக வேறு ஊரில் தங்கியிருப்பவர், தமது பதிவெண்ணைச் சொன்னால் அங்குள்ள சர்க்கார் நிலையத்திலும் மாத்திரை பெறலாம். வடநாட்டினின்று திருப்பூருக்கு வந்து வேலை செய்கிற தொழிலாளருக்கும் இதுவே வழி. பாஷை தெரியாத அவர்களை நிலையத்துக்கு உடனழைத்துச் செல்பவர் ஒருவர் வேண்டும்.

வீட்டிலுள்ள மற்றவர்களையும் அழைத்துக் காட்டவேண்டும். நோய் இல்லையென்று தீர்ந்தபின், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முக்கியமாகவும், 2021ஆம் ஆண்டில் வெளியான வழிமுறைப்படி குடும்பத்தார் மற்றவர்களுக்குங்கூடவும், நோய் தோன்றாதபடி தடுக்கும் மாத்திரை கொடுக்கலாம். நோயாளியை மாதத்துக்கு ஒருமுறை அதே தராசில், முதல் தினத்தில் நிறுத்த விதமாகவே நிறுத்து, எடையை அட்டையில் எழுதிவர வேண்டும். முப்பத்திரண்டு கிலோவில் தொடங்கியவர் முப்பத்தைந்தை எட்டினால் மாத்திரையும் இரண்டிலிருந்து மூன்றாகும். இரண்டு மாதமாகியும் எடை ஏறாவிட்டால், அடுத்த மாதம் வரையில் காத்திராமல் டாக்டரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.